தைராட்ரானுக்குப் பதினைந்து நிமிடம்

13 மே, திங்கள்

காலை பதினொன்று இருபதுக்கு மெஷின் நின்றுபோனது.

"எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வைங்க முப்பிடாதி. நாளைக்குக் கம்பெனிக்காரன் வந்து பழிய நம்ம தலைல கட்டிட்டுப் போயிருவான்" என்று நிர்வாகி தேவசகாயம் சார் சொன்னார். ரிஜிஸ்டரில் எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். ரிஜிஸ்டரில் கோபப்பட முடியாது. அதற்காக இந்த நோட்டு.

நின்றது எங்கள் ஆஸ்பத்திரியில் நான் பராமரிக்கிற கதிர்வீச்சு மெஷின். கேன்சருக்குக் 'கரண்ட் வைக்கிற மெஷின்' என்று ஜனங்கள் சொல்வது இதைத்தான். பதினாறு வருடப் பழசு. அதற்குப் பின்னால் தனி அறையில் பீரோ மாதிரி ஒரு பெட்டி நிற்கிறது. அதற்குள் இருக்கிற தைராட்ரான் ட்யூப்தான் போய்விட்டது. பழைய ரேடியோவில் இருந்த வால்வுக்கு அது அண்ணன் முறை. அதன் வேலை வெறும் ஸ்விட்ச் வேலை. ஆனால் கையால் தட்டுகிற ஸ்விட்ச் இல்லை. இருபத்தைந்தாயிரம் வோல்ட்டை விநாடிக்கு இருநூறு தடவை திறந்துவிடும். அது தட்டினால்தான் கதிர் வரும். இன்றைக்கு அது தட்டவில்லை.

இதற்கு முந்தைய ட்யூப் நாலு வருடம் உழைத்தது. இதை ஜனவரியில்தான் போட்டோம். நாலு மாதத்தில் போய்விட்டது. என்ன கண்றாவி சரக்கை அனுப்புகிறார்கள்? ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கரண்டைப் பிடுங்குகிற மின்வாரியத்தை யார் கேட்பது? நல்ல யூபிஎஸ் வாங்கித் தாருங்கள் என்று மூன்று வருடமாக நான் எழுதிக் கொடுத்த கடிதங்களை எந்த அடுப்பில் போட்டார்கள்?

நின்றபோது மேஜையில் இருந்தவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. திருச்செந்தூர் ரூட்டில் கண்டக்டர். குரல்வளையில் கட்டி. முப்பத்து மூன்று தடவை கரண்ட் வைக்க வேண்டும், இன்றைக்கு இருபதாவது. முகத்துக்கு வார்த்த மாஸ்க்கோடு, தலை அசையாதபடி மேஜையில் கிளிப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். பாதியில் நின்றுவிட்டது. மாஸ்க்கைக் கழற்றியதும் கரகரத்த குரலில், "என்ன தங்கச்சி, டயர் பஞ்சரா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நின்றவுடனே பெட்டியைத் திறந்து, முதலில் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலையை முடித்தேன். அப்புறம்தான் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

14 மே, செவ்வாய்

வராந்தா முழுக்க ஜனம். நாளொன்றுக்கு ஐம்பத்து நாலு பேருக்கு வைக்கிறோம். ஐம்பத்து நாலு பேரும் என்னையே பார்க்கிறார்கள். நான் என்ன, மடியில் ட்யூபைக் கட்டிக்கொண்டா திரிகிறேன்?

சிலரை மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் அனுப்பப் பார்க்கிறார்கள். ஆவுடையப்பன் அண்ணாச்சியின் மாஸ்க்கும் கதிர்க் கணக்கும் இந்த மெஷினுக்காகப் போட்டவை. அங்கே போனால் எல்லாம் முதலிலிருந்து, அதுவும் மூன்று வாரம் வரிசையில் நின்று. அவர் இங்கேயே காத்திருக்கிறார்.

கேன்சர் டாக்டர் நிலோபர் மத்தியானம் என் ஒர்க்‌ஷாப்புக்கே இறங்கி வந்துவிட்டார். அவர் இங்கே வந்தே பார்த்ததில்லை.

"எப்ப சரியாகும்?"

"கம்பெனிக்காரன் வரணும் டாக்டர்."

"முப்பிடாதி, உங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றேன். பாதி ட்ரீட்மென்ட்ல விட்டா மிச்சம் இருக்கிற செல் சும்மா இருக்காது. முன்னைவிட வேகமா வளரும். கண்டக்டருக்குக் கரண்ட்லயே சரியாயிட்டா குரல் தப்பிச்சுது. இல்லன்னா குரல்வளைய எடுக்கணும். ஒவ்வொரு நாளும் கணக்கு."

எனக்குப் புரிகிற மாதிரி! எனக்குப் புரியாதா? நாளைக்கு வருகிறேன் என்று சொன்ன கம்பெனிக்காரனிடம் போய்ச் சொல்ல வேண்டியதுதானே.

15 மே, புதன்

வந்துவிட்டார் மகாராஜா. பெயர் ஹரிகரன், சென்னை. முப்பது வயது இருக்கும். வந்ததும் செருப்பை அறை வாசலில் கழற்றி வைத்தார். அதற்காக ஒரு மார்க் கொடுத்தேன். பெட்டியைத் திறந்து செத்த ட்யூபை வெளியே எடுத்து, டார்ச் அடித்து, கால் மணி நேரம் பார்த்தார்.

"மேடம், இது தானா தேஞ்சு போன ட்யூப் இல்ல. உள்ள கேத்தோடு பூச்சு செதில் செதிலா உதிர்ந்திருக்கு. சூடாகாம ஓட்டினாதான் இப்படி ஆகும்."

"அதெப்படி சூடாகாம ஓடும்? டைமர் இருக்கே" என்றேன்.

அது உண்மைதான். தைராட்ரானுக்கு உள்ளே ஒரு ஹீட்டர் உண்டு. அது பதினைந்து நிமிடம் எரிந்து ட்யூபைச் சூடாக்கிய பிறகுதான் பெரிய வோல்ட்டை ஏற்ற வேண்டும். அதற்கென்று ஒரு டைமர் காவல் நிற்கிறது. பதினைந்து நிமிடம் ஆகாமல் பச்சை விளக்கு எரியாது. கரண்ட் ஒரு விநாடி போய் வந்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணும்.

ஹரிகரன் டைமரைச் சோதித்தார். மூன்று தடவை போட்டுப் பார்த்தார். மூன்று தடவையும் சரியாகப் பதினைந்து நிமிடம். தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தார்.

"டைமர் நல்லா இருக்கே மேடம்."

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

17 மே, வெள்ளி

மும்பையிலிருந்து புது ட்யூப் வந்தது. தெர்மோகோலுக்குள் குழந்தை மாதிரி படுத்திருக்கிறது. போடுவார் என்று பார்த்தால் போட மாட்டாராம்!

"காரணம் தெரியாம போட முடியாது மேடம். நாலு மாசத்துல ஒண்ணு போயிருக்கு. அதே கோளாறு உள்ளயே இருந்தா இதுவும் போயிடும். இந்தியாவுல இந்த மாடலுக்கு இப்ப ஸ்டாக் இது ஒண்ணுதான். அடுத்தது வெளிநாட்டுல இருந்து வரணும், ரெண்டு மாசம் ஆகும்."

தேவசகாயம் சார் கத்தினார். நானும் கத்தினேன். ஆமாம், நானும்தான். "அம்பத்து நாலு பேரு வெளிய உக்காந்திருக்காவ, நீங்க இங்க ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்கீயளா?" என்று கேட்டேன். அவர் தரையில் குப்புறப் படுத்து, பெட்டிக்கு அடியில் கையை விட்டு, ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புது ட்யூபை என் ஸ்டோர் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

18 மே, சனி

வீட்டில் மாவு அரைத்தேன். கிரைண்டரில் கல் தட்டுகிற சத்தம் வந்தது. தூக்கிப் போட்டு மிதிக்கலாம் போல இருந்தது. பிறகு நானே பிரித்துச் சரிசெய்தேன். இந்த ஊரில் எதையும் நான்தான் சரிசெய்ய வேண்டும்.

20 மே, திங்கள்

ஹரிகரன் இன்று டெக்னீசியன் ஜெனிபாவைப் பிடித்துக்கொண்டார். கன்சோலில் உட்கார்ந்து மெஷினை ஓட்டுகிறவள் அவள்தான்.

"காலைல ஆன் பண்ணினா எவ்வளவு நேரத்துல பச்சை லைட் வரும்?"

நான் கதவருகே நின்றிருந்தேன். ஜெனிபா என்னைப் பார்த்தாள்.

"முன்னல்லாம் கால் மணி நேரம் ஆகும் சார். இப்ப கொஞ்ச நாளா சீக்கிரமா வருது. நம்ம முப்பிடாதிக்கா ஏதோ சர்வீஸ் பண்ணினாவ, அதுல இருந்து."

"என்ன சர்வீஸ் மேடம்?"

"தூசி தட்டினேன்" என்றேன். "காண்டாக்ட் எல்லாம் சுத்தம் பண்ணினேன். இவளுக்கு நேரங்காலம் தெரியாது. போன்ல மூஞ்சிய வச்சிருந்தா கால் மணி நேரமும் ரெண்டு நிமிசமாத்தான் தெரியும்."

ஜெனிபாவின் முகம் செத்துப்போனது. ஹரிகரன் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு விஷயத்தை விட்டுவிட்டார்.

சிரிக்கட்டும். அவள் போன் பார்ப்பது பொய்யா என்ன?

21 மே, செவ்வாய்

ஜெனிபா என்னோடு பேசவில்லை. டீயை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். ஆறிப்போயிருந்தது.

22 மே, புதன்

ஹீட்டருக்குப் போகிற வோல்ட் எங்கேயோ குறைகிறது என்று ஹரிகரன் முடிவுக்கு வந்துவிட்டார். அப்படி எதுவும் அளவில் தெரியவில்லை, ஆனாலும் வேறு காரணம் கிடைக்கவில்லையாம். ஹீட்டர் டிரான்ஸ்பார்மரையே மாற்ற வேண்டுமாம். புனேயிலிருந்து வர இன்னும் பத்து நாள்.

பத்து நாள்!

ஆவுடையப்பன் அண்ணாச்சி தினமும் வருகிறார். வீட்டில் இரு என்றால் கேட்பதில்லை. மனைவி சொர்ணத்தைக் கூட்டிக்கொண்டு எட்டு மணிக்கே வந்து, முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார். மெஷின் திடீரென்று சரியாகிவிட்டால் முதல் ஆளாகப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டுமாம். இன்றைக்கு என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"தங்கச்சி, ஒங்க சென்னை டிரைவரு வண்டிய எடுப்பாரா மாட்டாரா?"

"எடுப்பாரு அண்ணாச்சி."

"எனக்கு ஒண்ணுமில்ல. ஆளில்லாத பஸ்ஸுலகூட செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வாருல்லாம் எறங்குன்னு கத்துத ஆளு நான். சத்தம் போடாண்டாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ. வாய மூடிட்டு உக்காந்திருக்கதுதான் பெரிய தண்டனையா இருக்கு."

"எந்நேரமும் தொண்டையத் தொட்டுத் தொட்டுப் பாக்காவ" என்று சொர்ணம் சொன்னாள். "நேத்தைவிட இன்னைக்கு வீக்கமா இருக்குங்காவ. நீங்க கொஞ்சம் சொல்லுங்களேம்மா, அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன்.

23 மே, வியாழன்

சரி. எழுதுகிறேன். இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்.

பிப்ரவரி நாலாம் தேதி அது. ஒரே நாளில் ஒன்பது தடவை கரண்ட் போனது. போவது என்றால் பத்து விநாடிதான். அதற்குள் ஜெனரேட்டர் எடுத்துவிடும். ஆனால் டைமருக்குப் பத்து விநாடியும் ஒன்றுதான், பத்து மணி நேரமும் ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம். களக்காட்டிலிருந்து வந்த ஒரு அம்மாவை முதுகில் புண்ணோடு அந்தப் பலகையில் மூன்று தடவை ஏற்றி இறக்கினோம். நாலாவது தடவை ஏற்றும்போது அவள் என் கையைக் கடித்தாள். வலி தாங்காமல் கடித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ட்யூப் கொதித்துக்கொண்டிருக்கிறது, பத்து விநாடியில் ஆறிவிடுமா? இந்த முட்டாள் டைமருக்கு யார் சொல்வது?

ஒரு துண்டு வயரை எடுத்து டைமரின் இரண்டு காண்டாக்டையும் சேர்த்துப் போட்டேன். உடனே பச்சை விளக்கு. இரண்டு நிமிடத்தில் அந்த அம்மாவுக்குக் கரண்ட் வைத்து முடிந்துவிட்டது.

அது தப்பா? இன்றைக்கும் கேட்கிறேன், தப்பா?

சாயங்காலம் வயரை எடுத்துவிடுவேன். காலையில் ட்யூப் முறையாகப் பதினைந்து நிமிடம் சூடான பிறகு மறுபடி போடுவேன். பிப்ரவரி முழுக்க அப்படித்தான். நாற்பத்திரண்டு பேருக்கு வைத்த இடத்தில் ஐம்பத்து நாலு பேருக்கு வைக்க முடிந்தது. மகளிர் தினத்தில் தேவசகாயம் சார் எனக்கு ஷீல்டு கொடுத்தார். எப்படிச் செய்தாய் என்று ஒரு நாயும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. மேடையில் நின்றபோது நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் பாதியில் என் தம்பி மகள் கல்யாணத்துக்கு ஐந்து நாள் லீவு போட்டேன். வயரை எடுக்க மறந்து போனேன். திரும்பி வந்தால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் ஆன் செய்தவுடன் பச்சை. ஜெனிபா சந்தோஷமாகச் சொன்னாள், "அக்கா, இப்ப காத்திருக்கவே வேண்டாம்." ஐந்து நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்தேன். எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நாளைக்கு எடுக்கலாம் என்று நினைத்தேன். பிறகு நினைக்கவும் இல்லை. அன்றிலிருந்து இரண்டு மாதம் தினமும் காலையில் அந்த ட்யூபைப் பச்சைத் தண்ணீராக இருக்கும்போதே அடித்து ஓட்டியிருக்கிறோம்.

பதின்மூன்றாம் தேதி நான் முதலில் செய்த சின்ன வேலை, அந்த வயரைப் பிடுங்கி ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டது.

நான் வாயைத் திறந்தால் ஹரிகரனுக்குக் காரணம் கிடைத்துவிடும். அலமாரியில் இருக்கிற ட்யூபை அன்றைக்கே மாட்டிவிடுவார். இது எனக்கு ஒரு வாரமாகத் தெரியும். ட்யூப் வந்த வெள்ளிக்கிழமையே தெரியும்.

இருபத்திரண்டு வருட வேலை. என் ஒருத்தி சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. பெண் பிள்ளைக்கு இதெல்லாம் வராது என்று சொன்ன அத்தனை பேருக்கும் முன்னால் நின்று காட்டியவள் நான். அதை ஒரு துண்டு வயருக்காக விட்டுவிட வேண்டுமா?

24 மே, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

பெரிய மனசு வந்து சொல்லவில்லை. காலையில் வராந்தாவைத் தாண்டும்போது ஆவுடையப்பன் அண்ணாச்சி வழக்கம்போல எழுந்தார். வாயைத் திறந்தார். குரலே வரவில்லை. காற்று மட்டும் வந்தது. அவரே பயந்துபோய் சொர்ணத்தைப் பார்த்தார். மறுபடி முக்கிக் கனைத்தபோது கொஞ்சம் வந்தது. நான் நிற்காமல் நேரே மெஷினுக்குப் பின்னால் இருக்கிற அறைக்குப் போனேன்.

ஹரிகரன் தரையில் உட்கார்ந்து புனேக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தார். கட் பண்ணச் சொன்னேன். டைமர் காண்டாக்ட் இரண்டையும் விரலால் தொட்டுக் காட்டினேன்.

"இதுல இருந்து இதுக்கு ஒரு வயர் போட்டிருந்தேன். மார்ச்ல இருந்து ராத்திரிகூட எடுக்கல. மெஷின் நின்ன அன்னைக்கு எடுத்துட்டேன்."

அவருக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றார்.

"மேடம், பத்து நாள். பத்து நாளா இந்தத் தரையில குப்புறப் படுத்துக் கெடக்குறேன். நீங்க டீ வாங்கிக் குடுத்து வேடிக்கை பார்த்தீங்க இல்ல?"

இடுப்பிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்தேன்.

"என் பேருக்காக சொல்லல. என்னை விடுங்க. வெளிய உக்காந்திருக்காங்களே, அவங்க மூஞ்சிய எப்படி மேடம் தினமும் பார்த்தீங்க?"

"சாவி இந்தா இருக்கு" என்றேன். "ட்யூபை எடுத்து மாட்டுங்க. திட்டுறதை அப்புறமா திட்டுங்க."

"நீங்க எனக்கு ஆர்டர் போடாதீங்க!" என்று கத்தினார். கத்திக்கொண்டே சாவியை வாங்கினார்.

நாலு மணி நேரத்தில் மாட்டிவிட்டார். சூடேறும்வரை இருவரும் டைமரையே பார்த்துக்கொண்டு நின்றோம். பதினைந்து நிமிடம் ஆனதும் கண்ணாடிச் சன்னல் வழியாக ஊதா வெளிச்சம் தெரிந்தது. சீராக உறுமியது. இன்றும் நாளையும் ஃபிசிக்ஸ்காரர்கள் கதிரின் அளவைச் சரிபார்ப்பார்கள். திங்கட்கிழமை நோயாளிகள்.

25 மே, சனி

தேவசகாயம் சார் கூப்பிட்டார். ராஜினாமா கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அதை வாங்கிக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"பைத்தியமா ஒங்களுக்கு? நீங்க போயிட்டா இந்த ஓட்டை மெஷின யாரு பாப்பா? பேசிட்டேன். மின்சார ஏற்ற இறக்கத்தால ட்யூப் பழுதுன்னு ரிப்போர்ட் போயிரும். அந்தத் தம்பிக்கும் அதுல ஆட்சேபணை இல்ல. கண்டுபிடிக்கப் பத்து நாள் ஆச்சுன்னா அவன் கம்பெனிலயும் அவனுக்குத்தான கெட்ட பேரு."

"சார், நோயாளிகளுக்கு..."

"நோயாளிக்குச் சொன்னா என்ன ஆகும்? டிவிக்காரன் வருவான். ஆஸ்பத்திரியப் பூட்டுவான். அடுத்த வாரம் எத்தன பேரு எங்க போவாவ? யோசிச்சுப் பேசுங்க. ஷீல்டு வாங்கின ஆளு நீங்க."

அந்த ஷீல்டை எடுத்து இவர் தலையிலேயே போட்டிருக்க வேண்டும். என்னைக் காப்பாற்றுகிறாராம்! காப்பாற்றுகிறவன் மூஞ்சியைப் பார்த்தால் எனக்குக் குமட்டுகிறது.

ஆனால் எழுத வேண்டும் என்றால் இதையும் எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து வயிறு முட்டச் சாப்பிட்டேன். இரண்டு வாரத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

27 மே, திங்கள்

முதல் ஆள் ஆவுடையப்பன் அண்ணாச்சி. அவருக்குப் பத்துத் தடவை தவறியிருக்கிறது. அதில் ஐந்து, ட்யூப் வருவதற்காகக் காத்திருந்தது. மிச்சம் ஐந்து நான் பேசாமல் இருந்தது. அந்த முதல் ஐந்தும் யாரால் என்று கேட்டால், அதற்கும் நான்தான்.

டாக்டர் நிலோபர் சில நாள் ஆறு மணி நேரம் விட்டு இரண்டு வேளை வைத்துச் சரிக்கட்டப் பார்க்கிறார். "பிடிச்சிடலாம்" என்கிறார். டாக்டருக்கும் மின்சார ஏற்ற இறக்கம்தான் தெரியும்.

இனி காலையில் நானே வந்து மெஷினைப் போடுகிறேன். கரண்ட் போனால் கால் மணி நேரம். எவன் கத்தினாலும் கால் மணி நேரம். இன்றைக்கு மூன்று தடவை போனது. ஜனங்கள் என்னைத் திட்டினார்கள். திட்டட்டும்.

29 மே, புதன்

ஜெனிபாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்குக்கா?" என்றாள். சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவள் அழுதாள். "அப்ப அத்தனை நாளும் பட்டன அமுக்குனது நாந்தானக்கா" என்றாள். இது எனக்குத் தோன்றவே இல்லை. உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

11 ஜூன், செவ்வாய்

ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு முப்பத்து மூன்றும் முடிந்தது. கழுத்துத் தோல் கருகிக் கிடக்கிறது. ஜெனிபாவுக்கும் எனக்கும் ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். ஜெனிபா வாங்கிக்கொள்ளாமல் உள்ளே போய்விட்டாள். நான் வாங்கிக்கொண்டேன்.

3 செப்டம்பர், செவ்வாய்

ஆவுடையப்பன் அண்ணாச்சி தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கட்டி முழுதாகப் போகவில்லை. இருந்த இடத்திலேயே மறுபடி வளர்ந்திருக்கிறது. குரல்வளையை எடுக்க வேண்டும்.

டாக்டர் நிலோபரிடம் கேட்டேன். "அந்தப் பத்து நாள் இல்லன்னா?"

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது முப்பிடாதி. ஒழுங்கா வச்சாலும் சிலருக்குத் திரும்பும்."

"அந்தப் பத்து நாளால இல்லன்னு அடிச்சுச் சொல்ல முடியுமா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதுவும் முடியாது" என்றார்.

எவ்வளவு வசதி! எனக்குத் தண்டனையும் கிடையாது, விடுதலையும் கிடையாது. யார் மேல் கோபப்பட்டாலும் ஒரு நாள் தாங்குவதில்லை. மின்வாரியத்தைத் திட்டிப் பார்த்தேன், தேவசகாயத்தைத் திட்டிப் பார்த்தேன். சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நிற்கிறது.

18 செப்டம்பர், புதன்

நாளைக் காலை ஏழு மணிக்கு ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு ஆபரேஷன்.

மத்தியானம் மூன்று மணிக்கு அவரும் சொர்ணமும் ஒர்க்‌ஷாப்புக்கு இறங்கி வந்தார்கள். அவர் கையில் போன். இரண்டு நாளாக எல்லாவற்றையும் பேசிப் பதிந்து வைக்கிறாராம். பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, ரூட்டில் இருக்கிற ஸ்டாப் அத்தனையும், டிரைவரைத் திட்டுவது, சொர்ணத்தைத் திட்டுவது.

"திட்டுததுதான் நெறைய இருக்கு" என்று சொர்ணம் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

"தங்கச்சிக்கும் ஒண்ணு பேசி வைக்கணும்னு வந்தேன்" என்றார். பட்டனை அமுக்கிப் போனை என் மேஜையில் வைத்தார். குரல் கிழிந்த துணி மாதிரி வந்தது. "இது முப்பிடாதி தங்கச்சிக்கு. அன்னைக்கு மெஷின் நின்னப்ப, ராப்பகலா நின்னு ஓட வச்சது நீங்கதான்னு ஜனங்க சொன்னாவ. எனக்குச் சரியாவல. அது என் தலையெழுத்து. ஆனா நீங்க செஞ்சத நான்..."

"நிறுத்துங்க அண்ணாச்சி."

அவர் நிறுத்தினார். போன் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் இவரிடம் இப்படிச் சொன்னது, எந்தப் பாவி சொன்னது என்று கோபம். அந்தக் கோபத்திலேயே சொன்னேன். வயர் போட்டது, எடுக்காமல் விட்டது, ட்யூப் செத்தது, வயரை ஒளித்தது, புது ட்யூப் அலமாரியில் இருக்கும்போதே ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு ஒங்ககிட்ட சொன்னேன் பாத்தீயளா, அன்னைக்கு எனக்கு எல்லாம் தெரியும்" என்றேன்.

சொர்ணம்தான் முதலில் கத்தினாள். "நாங்க எட்டு மணிக்கே வந்து பெஞ்சுல உக்காந்திருந்தோமே, பாத்துக்கிட்டுத்தான போனீய! நீ நல்லா இருப்பியா? ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு சொல்ல ஒனக்கு வாய் வரலையா?" மேஜையில் இருந்த ஸ்க்ரூ டப்பாவைத் தட்டிவிட்டாள். தரை முழுக்க ஸ்க்ரூ. அவள் அடித்திருந்தாலும் நான் அசைந்திருக்க மாட்டேன்.

அவர் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். கண்டக்டர்கள் டிக்கெட் எடுக்காத ஆளைப் பார்ப்பார்களே, அப்படி. அவர் திட்ட வேண்டும் என்று நான் நின்றேன். நாலு வார்த்தை திட்டிவிட்டால் போதும் என்று நின்றேன்.

"காலைல ஏழு மணி வரைக்கும்தான் எனக்குப் பேச்சு இருக்கு மேடம்" என்றார். "அத ஒங்களுக்குச் செலவழிக்க மாட்டேன்."

மேடம் என்றார்.

பிறகு போனை எடுத்துப் பதிவை நிறுத்தி, சொர்ணத்திடம் நீட்டினார். "இத மட்டும் அழிச்சிரு. எங்குரல் இருக்க எடத்துல இவுக குரல் வேண்டாம்."

சொர்ணம் வாங்கி இங்கே அங்கே அமுக்கினாள். அவளுக்கு அழிக்கத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வேறு. அவருக்கும் தெரியவில்லை. பதிய மட்டும்தான் பேத்தி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வேறு எதையாவது அழித்துவிடுவோமோ என்று இருவருக்கும் பயம். கடைசியில் சொர்ணம் என் முகத்தைப் பார்க்காமல் போனை என் பக்கம் நீட்டினாள்.

வாங்கினேன். கடைசியாகப் பதிந்தது மேலேயே இருந்தது. அவர் எனக்கு நன்றி சொன்னதும் அதில்தான் இருந்தது, நான் சொன்னதும் அதில்தான் இருந்தது. அதை அழித்துக் கொடுத்தேன். அவர் போனை வாங்கி, மற்றதெல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டார்.